ஒரு படி பின்னால் போன லாட்டுகள்

"சகாயராணி, நீங்க ஊட்டுக்குப் போயிட்டு வாங்க. பொறவு நானே சொல்லி அனுப்பறேனுங்க, சரிங்களா?"

முதலாளி இப்படிச் சொன்னபோது அவர் குரலில் ஒரு துளிகூடச் சூடு இல்லை. அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும். சாதாரணமாக இருந்தால் அவர் சத்தம் போடுவார். கொஞ்சம் கோபம் வந்தால் சத்தம் குறையும். நிஜமாகவே கொதித்துவிட்டால் ஒரு பேச்சில் மூன்று 'ங்க' சேர்ந்துவிடும். அன்றைக்கு எண்ணிப் பார்த்தால் நாலு தேறும்.

செக்கிங் செக்ஷனில் இருபது பெண்கள் கையில் பிடித்த பனியனைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்கள். மேலே டியூப் லைட்டுகள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து அயர்னிங் டேபிளில் இருந்து ஈரத்துணி வேகும் வாசனை. சகாயராணி, அந்த இருபது பேருக்கும் சூப்பர்வைசர், என்னைவிட ரெண்டு வயசுதான் பெரியவர், அசையவே இல்லை.

முதலாளியின் கையில் ஒரு நீளமான காகிதம். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்தக் காகிதம். அதை அச்சடித்தவன் நான். அதை அச்சடித்த புரோகிராமை எழுதியவனும் நான். அவருக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவனும் சாட்சாத் நானேதான்.

போன வாரம் என் முதல் இன்டர்வியூ கூத்தைப் படித்துவிட்டு, "தம்பி, நீ உண்மையிலேயே புரோகிராம் எழுதுவியா, இல்ல பத்திரிகையில கதைதான் விடுவியா?" என்று தாராபுரத்தில் இருந்து ஒருவர் கார்டு போட்டிருந்தார். அண்ணாச்சி, இந்த வாரம் உங்களுக்குத்தான். புரோகிராமும் உண்டு, அதில் நான் வாங்கியதும் உண்டு.

இரண்டு மார்க் கேள்வி

அந்தத் திங்கள்கிழமையை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போவோம். புரோகிராம் எழுதுவதில் 'எனம்' (enum) என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

காலேஜில் எங்கள் சார் அதை நோட்ஸ் கொடுக்கும்போது வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். "எழுதிக்கோங்க. பெயர்களின் வரிசை. முதல் பெயருக்குச் சைபர். அடுத்தடுத்த பெயர்களுக்குத் தானாக ஒவ்வொன்று கூடும். ரெண்டு மார்க். அடுத்தது." அவ்வளவுதான். நானும் எழுதினேன், ரெண்டு மார்க்கும் வாங்கினேன், மறந்தேன்.

அதன் அருமை கம்பெனிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் போட்ட துணிக்கு 'லாட்' என்று பேர். ஒவ்வொரு லாட்டும் எந்த வேலை வரை முடிந்து நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் வி.பி. என்கிற புரோகிராம் பாஷையில் எழுத ஆரம்பித்தேன். கம்ப்யூட்டருக்குள் வேலையின் பேரை வைக்காமல் எண்ணைத்தான் வைத்தேன். நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங் முடிந்தால் சைபர், சாயம் முடிந்தால் ஒன்று, கட்டிங் இரண்டு, தையல் மூன்று, செக்கிங் நாலு, அயர்னிங் ஐந்து, பேக்கிங் ஆறு.

ஆரம்பத்தில் இந்த எண்களை அப்படியே புரோகிராம் முழுக்கத் தூவி வைத்திருந்தேன். 'நாலாக இருந்தால் இதைச் செய், மூன்றாக இருந்தால் அதைச் செய்.' ஒரு வாரம் கழித்து நானே படித்தால் எனக்கே தலைகால் புரியாது. மானிட்டரைச் சுற்றி மஞ்சள் காகிதம் ஒட்டி 'மூணுன்னா தையல்' என்று எழுதிவைத்திருந்தேன். ஃபேன் காற்றில் ஒரு காகிதம் பறந்து போனது. அன்று முழுக்கச் சாயத்துக்கும் கட்டிங்குக்கும் வித்தியாசம் தெரியாமல் திண்டாடினேன்.

அப்போதுதான் அந்த ரெண்டு மார்க் கேள்வி ஞாபகம் வந்தது.

எடுத்து எழுதினேன். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஏழு வரி. ஒரு எண்கூட நான் போடவில்லை. 'நீ பேரைச் சொல், எண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அது எடுத்துக்கொண்டது. புரோகிராமுக்குள் 'நாலு' என்று இருந்த இடமெல்லாம் 'செக்கிங்' ஆனது. திடீரென்று நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடிந்தது!

சிரிக்காதீர்கள். அன்று மதியம் நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அந்த ஏழு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய கம்பெனி, நூல் உள்ளே வந்து பெட்டி வெளியே போகிற வரைக்கும் நடக்கிற அத்தனையும், ஏழே வரியில் நிற்கிறது. எவன் கண்டுபிடித்தானோ, அவன் கையைக் கொண்டாந்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்றைக்கும் என் கருத்து மாறவில்லை. புரோகிராம் எழுதுகிற பாஷைகளில் இவ்வளவு கம்மியாகப் பேசி இவ்வளவு வேலை செய்கிற சமாச்சாரம் வேறு கிடையாது.

அந்தப் புரோகிராம் வந்த மாதமே, சாயம் போடப் போன டையிங்கில் இருந்து திரும்பி வராமல் கிடந்த ஒரு நீல லாட்டைக் காட்டிக்கொடுத்தது. நாலு நாளாக எல்லோரும் தேடிய லாட். முதலாளி என் முதுகில் தட்டி, "மனுசன் மறந்துருவானுங். மெசினு மறக்காது" என்றார். அன்றிலிருந்து திங்கள்கிழமை காலை எட்டரைக்கு ரிப்போர்ட் அவர் மேஜையில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறைதான் அச்சடிப்போம். ஆனால் அந்த ஒரு காகிதத்துக்குக் கம்பெனியே நடுங்கும்.

நடுங்குவது எனக்கும் பிடித்திருந்தது. மறைப்பானேன்?

பொட்டிக்குள்ள போன பொறவா?

முதலாளி ஒரு காம்பாக்டிங் மெசின் வாங்கினார். சாயம் போட்ட துணியை நீராவியில் அமுக்கி அனுப்பும் மெசின் அது. அதில் போய்வந்த துணி, வாங்கியவர் வீட்டில் துவைத்தாலும் சுருங்காது. இதுவரை அந்த வேலையை வெளியில் கொடுத்துக்கொண்டிருந்தோம். சொந்த மெசின் லாரியில் வந்து இறங்கி, கட்டிங் ஹாலுக்கு முன்னால் நீல பிளாஸ்டிக் தார்பாய் போர்த்தி நின்றது. மெக்கானிக் வந்து நீராவிக் குழாய் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். "கண்ணு, ரிப்போர்ட்டுல காம்பாக்டிங்கும் வந்தரோணும்."

"அஞ்சு நிமிசம்ங்க."

நான் அதிகம் யோசிக்காமல், பட்டியலின் கடைசியில், பேக்கிங்குக்குக் கீழே எட்டாவது வரியாகக் காம்பாக்டிங் என்று சேர்த்தேன். அதுவாக ஏழு என்று எண் போட்டுக்கொண்டது. சாம்பிள் ஒன்று அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங் தம்பி, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், அப்பறம் காம்பாக்டிங்கா? துணியை மடிச்சுப் பொட்டிக்குள்ள போட்டு டேப் ஒட்டுன பொறவு எடுத்து காம்பாக்டிங் பண்ணுவீங்களா? சரக்கு வாங்கற பையர் பார்த்தா என்ன நெனப்பான்? துணி நடக்கற மாதிரி ரிப்போர்ட்டும் நடக்கோணும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கவுண்டன்ட் ரொம்பவே சிரித்தார்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இது புரியும். துணி போகும் வரிசைதான் அங்கே எல்லாம். யார் டேபிள் யாருக்கு முன்னால், எந்த ஹால் எந்த ஹாலுக்கு அடுத்து, டீ யாருக்கு முதலில் வரும் என்பது வரை அந்த வரிசையில்தான் ஓடும். அதைத் தப்பாக எழுதியவன் புரோகிராமர் இல்லை, வெளியூர்க்காரன்.

ரோஷம் வந்துவிட்டது. என் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தேன். கடைசி வரியில் இருந்த காம்பாக்டிங்கை வெட்டி, சாயத்துக்குக் கீழே, கட்டிங்குக்கு மேலே ஒட்டினேன். எண்கள் எல்லாம் தானாக இடம் மாறி உட்கார்ந்தன. நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை! அந்த அழகைப் பார்த்து விசிலே அடித்தேன். சோதனைக்கு ஒரு புது லாட்டை உண்டாக்கி, நிட்டிங்கில் ஆரம்பித்து எட்டு படியிலும் ஏற்றி இறக்கினேன். பிசகே இல்லை. நாலு கம்ப்யூட்டரிலும் காப்பி போட்டுவிட்டு பொங்கலூர் பஸ் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மெசினு பொய் சொல்லாதுங்க

இப்போது நிறுத்திவைத்த திங்கள்கிழமைக்கு வருவோம்.

பதினோரு மணிக்கு, வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸில் இருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து சரி என்றால், அயர்ன் போட்டுப் பெட்டியில் கட்டி ராத்திரி தூத்துக்குடிக்கு லாரி கிளம்பும். முதலாளி எட்டரைக்கு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் நடந்தார். அயர்னிங் டேபிள்கள் பக்கத்தில் ஒன்பது லாட் கட்டிவைத்திருந்தது. ரிப்போர்ட்டில் அந்த ஒன்பது நம்பருக்கும் நேராக 'தையல் முடிந்தது' என்று இருந்தது.

தையல் முடிந்த துணி அயர்னிங் டேபிளில் என்ன செய்கிறது? நடுவில் செக்கிங் எங்கே போனது?

செக்கிங் நடந்ததா இல்லையா என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஊசி வெட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் அந்த வேலை. பார்த்த பனியனும் பார்க்காத பனியனும் ஒரே மாதிரிதான் இருக்கும். லாட் கார்டில் சூப்பர்வைசர் போடும் கையெழுத்து ஒன்றுதான் அத்தாட்சி.

"கையெழுத்து இருக்குதுங்க, பாருங்க," என்றார் சகாயராணி.

"கையெழுத்து கையில இருக்குதுங்க. போடறதுக்கு எத்தனை நேரமாகும்? லாரிக்கு அவசரம்னு பார்க்காமயே தள்ளி உட்டுட்டீங்களா? நெசத்தைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஒவ்வொரு பீசும் பார்த்தமுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது தப்பாக் காட்டறதுக்கு ஏதாவது வழி இருக்குதா?"

இந்த இடத்தைத்தான் நான் இன்னும் ராத்திரி பகல் பார்க்காமல் நினைத்துப் பார்ப்பது. ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். 'பார்த்துட்டு வரேனுங்' என்று சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது இதுதான்: "மெசினு பொய் சொல்லாதுங்க."

அதற்குப் பிறகுதான் அந்த 'ஊட்டுக்குப் போயிட்டு வாங்க.' எல்லா மூட்டையையும் பிரித்து மறுபடி செக்கிங் போடச் சொன்னார். ஒன்பது லாட்டைத் திரும்பப் பார்த்தால் லாரி இன்றைக்குக் கிளம்பாது. இன்ஸ்பெக்டரை நாளைக்கு வரச் சொல்லிக் கேட்பதற்காக அவர் ஆபீஸ் ரூமுக்குப் போனார். காகிதத்தை டேபிளிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"ஏனுங் கம்ப்யூட்டரு, நாங்க மூணு நாளா கண்ணு எரிய எரியப் பார்த்தோம்" என்றார் பாப்பாத்தி. அந்த செக்ஷனிலேயே வாய் ஜாஸ்தி அவருக்குத்தான். "உம்பட மெசினு எந்த டேபிள்ல உக்காந்து பார்த்துச்சு?"

சகாயராணி பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் டேபிளில் கிடந்த காகிதத்தை எடுத்தார். படித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை, திரும்ப ஒரு முறை.

"தம்பி, சித்த என்கூட வாங்க."

காகிதத்தோடு ஒரு நடை

முதலில் பேக்கிங்குக்குப் போக இருந்த ஆறு லாட். சகாயராணி ஒரு பனியனை எடுத்து என் கையில் வைத்தார். சனிக்கிழமையே அயர்ன் போட்டு மடித்தது.

"இதுக்கு என்ன போட்டுருக்குது?"

காகிதத்தைப் பார்த்தேன். "செக்கிங் முடிஞ்சுதுன்னு இருக்குதுக்கா."

"அயர்ன் ஆகலைன்னு அர்த்தம். தொட்டுப் பாருங்க, ஆயிருக்குதா இல்லையா?"

அடுத்து தையல் ஹால். மோட்டார்கள் ஒன்றுசேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவர் ஒரு கட்டை எடுத்து விரித்தார். கையும் கழுத்தும் வைத்து முடித்த பனியன்.

"இது?"

"கட்டிங் முடிஞ்சுது."

"கட்டிங் முடிஞ்ச துணியில கை எப்படிங்க வந்துச்சு? தானா மொளச்சுதா?"

கட்டிங் ஹாலுக்குப் போனோம். வெட்டி அடுக்கிய துணி, இன்னும் தையல் பார்க்காதது. நாலு லாட். அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் காகிதத்தைப் பார்த்துவிட்டேன். 'காம்பாக்டிங் முடிந்தது.'

சகாயராணி வாசல் பக்கம் கையை நீட்டினார். அங்கே நீல தார்பாய்க்கு அடியில் காம்பாக்டிங் மெசின் கயிறு கட்டியபடி நின்றது. இன்னும் ஒரு மீட்டர் துணிகூட அதற்குள் போனதில்லை. நீராவிக் குழாயே வரவில்லை.

"கயிறே அவுக்காத மெசினு நாலு லாட்டு முடிச்சுக் குடுத்துருக்குது. கெட்டிக்கார மெசினுங்."

பின்னாலேயே வந்திருந்த பாப்பாத்தி களுக்கென்று சிரித்தார். சகாயராணி சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்தார்.

"பாருங்க தம்பி. ஒண்ணு ரெண்டு லாட்டு தப்பா இருந்தா நான் ஏமாத்துனேன்னு சொல்லலாம். அயர்ன் பண்ணது செக்கிங்ல நிக்குது, செக் பண்ணது தையல்ல நிக்குது, தைச்சது கட்டிங்ல நிக்குது. எல்லாம் ஒரு படி பின்னாடி போயிருக்குது. இருவது பேரு சேர்ந்து பொய் சொன்னாலும் இத்தனை ஒழுங்காச் சொல்ல முடியாதுங்."

பிளஸ் டூ முடித்துவிட்டு செக்கிங் டேபிளுக்கு வந்தவர் சகாயராணி. புரோகிராமில் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை. காகிதத்தையும் துணியையும் மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிட்டார். நான் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவன், அதே காகிதத்தை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அன்று அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலின் நடுவில் ஒரு பேரைச் சொருகினால், அதற்குக் கீழே இருக்கும் பேர்களுக்கெல்லாம் ஒவ்வொரு எண் கூடிவிடும். செக்கிங் நாலாக இருந்தது, இப்போது ஐந்து. ஆனால் ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் சேமித்துவைத்த லாட்டுகளுக்கு அது தெரியாது. 'நான் நாலு' என்று பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். புதுப் பட்டியலில் நாலு என்றால் தையல். நான் சோதித்துப் பார்த்ததோ புது லாட்டை மட்டும். புது லாட் புது எண்ணோடு பிறந்தது, அது எப்படித் தப்பாகும்?

எனம் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் பேரைச் சொன்னேன், அது எண்ணைப் போட்டது.

கரெண்டு போகவே இல்லீங்

ரூமுக்கு ஓடினேன். இந்த முறை எண்ணை அதன் கையில் விடவில்லை. நிட்டிங் சைபர், சாயம் ஒன்று, கட்டிங் இரண்டு என்று ஒவ்வொரு பேருக்கும் எதிரில் நானே பழைய எண்ணை எழுதிப் பூட்டினேன். காம்பாக்டிங்குக்கு ஏழு. பட்டியலில் அது எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், எண் ஏழுதான். அச்சடிக்கும்போது எந்த வரிசையில் வர வேண்டும் என்பதைத் தனியாக வேறு இடத்தில் எழுதிக்கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு வருகைப் பதிவேடு அகர வரிசையில் இருக்கும். ஒரு தடவை நடு வருஷத்தில் அருணா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பேரைப் பார்த்தால் முதல் நம்பர் கொடுக்க வேண்டும். டீச்சர் கடைசி நம்பர்தான் கொடுத்தார். முதல் நம்பர் கொடுத்திருந்தால் நாற்பது பேரின் பரீட்சைப் பேப்பரும் அடுத்தவன் கணக்கில் போயிருக்கும். அன்று வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் தெரியவில்லை.

பிரிண்டர் கர்கர் என்று புது ரிப்போர்ட்டைத் துப்பியது. ஒன்பது லாட்டுக்கும் நேராக 'செக்கிங் முடிந்தது.' எல்லாம் சரி. மணி இன்னும் பத்தாகவில்லை.

இப்போது கேவலமான ஒரு விஷயம் சொல்கிறேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துக் கையில் எடுத்த அந்த நொடியே எனக்குள் ஒரு வாக்கியம் தயாராகிவிட்டது. அதை எழுதுவதற்கு எனம் எல்லாம் தேவைப்படவில்லை.

வாசலில் சகாயராணி நின்றிருந்தார். "சரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுக்கா."

"மொதலாளிகிட்ட என்னன்னு சொல்லப் போறீங்க?"

"கரெண்டு போயிட்டுப் போயிட்டு வந்ததுல..."

"காலையில இருந்து கரெண்டு போகவே இல்லீங்."

நான் தரையைப் பார்த்தேன். ஹாலில் இருந்து பறந்து வந்த பஞ்சு அங்கங்கே உருண்டை உருண்டையாகக் கிடந்தது.

"எம்பட வேலை போனா நான் வேற கம்பெனி பார்த்துக்குவேனுங் தம்பி. இந்த ஊருல செக்கருக்கு வேலையா கெடைக்காது? ஆனா பார்க்காம கையெழுத்துப் போட்டவன்னு பேரு வந்துட்டா எந்தக் கம்பெனியும் சேர்க்காது. அந்தப் புள்ளைங்க இருவது பேருக்கும் அதே பேருதான். அவரு அத்தனை பேரு முன்னாடிதான் என்னைக் கேட்டாரு. நீங்களும் அத்தனை பேரு முன்னாடிதான் மெசினு பொய் சொல்லாதுன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்பது அதிலேயே இருந்தது.

செக்கிங் டேபிள் முன்னால்

முதலாளி செக்ஷனில்தான் நின்றிருந்தார். பெண்கள் முதல் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். நான் போய் அவருக்கு எதிரில் நின்றேன். மெதுவாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பாப்பாத்தி, "கேக்கலீங்" என்றார்.

சத்தமாகச் சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. சனிக்கிழமை காம்பாக்டிங்கை நடுவுல சேர்த்தப்ப எல்லா நம்பரும் ஒண்ணொண்ணு தள்ளிப் போயிருச்சுங்க. பழைய லாட்டெல்லாம் ஒரு படி பின்னாடி காட்டியிருக்குது. ஒன்பது லாட்டும் செக்கிங் முடிஞ்சதுதானுங்க. இவங்க பார்த்தது பார்த்ததுதான்."

அவர் இரண்டு காகிதத்தையும் வாங்கி ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். பழையதில் விரலை வைத்தார், புதியதில் விரலை வைத்தார். கட்டிங் வரிக்கு வந்ததும் தலையைத் திருப்பித் தார்பாயைப் பார்த்தார்.

"இதை நானே பார்த்திருக்கோணும்" என்றார். எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லதுங்க தம்பி. ரொம்பச் சந்தோசங்க. போயி உக்காருங்க" என்றார்.

மூன்று 'ங்க'.

"சரி சகாயம், நீ வேலையைப் பாரு."

'ங்க' போய்விட்டது. கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் உடனே டேபிளுக்குத் திரும்பியிருப்பார்கள். சகாயராணி நின்ற இடத்திலேயே நின்றார்.

"நாளைக்கு வரச் சொல்லி இன்ஸ்பெக்டருக்குச் சொல்லிட்டீங்களா?"

"அவரு லைன் கெடைக்கலை. இன்னொருக்கா போடோணும்."

"பையிங் ஆபீஸ்ல வேற யார்கிட்டயாவது செக்கிங் ஆகலைன்னு சொன்னீங்களா?"

முதலாளி கொஞ்சம் தயங்கினார். "அங்க இருக்கற மேடத்துகிட்ட மட்டும் சொன்னேன்."

"அப்ப அந்த மேடத்துகிட்ட ஆயிருச்சுன்னு சொல்லோணுமுங்க."

அயர்ன் பாக்ஸ்காரர்கூட பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி சட்டைப் பையில் இருந்து செல்போனை எடுத்து நம்பர் போட்டார். மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அதை சகாயராணி கையில் கொடுத்தார்.

"நீயே சொல்லு. நீ பார்த்தது. நீ சொல்றதுதான் சரி."

சகாயராணி போனைக் காதில் வைத்தார். "மேடம், நான் செக்கிங் சூப்பர்வைசர் சகாயராணி பேசறனுங்க. ஒன்பது லாட்டும் செக்கிங் முடிஞ்சிருக்குது. காலையில சொன்னது தப்புங்க. பதினோரு மணிக்கு உங்க இன்ஸ்பெக்டர் வரலாமுங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். எந்த மூட்டை வேண்டும் என்று அவரே கையைக் காட்டிப் பிரிக்கச் சொன்னார். டியூப் லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு பனியனில், கழுத்துக்குப் பின்னால், ஒரு நூல் வெட்டாமல் தொங்கியது. அதையும் அவரே கத்தரித்துவிட்டு கையெழுத்துப் போட்டார். லாரி அன்று ராத்திரியே கிளம்பியது.

அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் சகாயராணி என் ரூமுக்கு வந்தார். கையில் ஒரு நோட்டுத்தாள். அதில் அவரும் இருபது பேருமாக இருபத்தொரு பெயர், அவர் பெயர் முதலில்.

"செக்கிங் முடிஞ்சுதுன்னு மட்டும் போட்டா பத்தாதுங்க. எந்த லாட்டை யாரு பார்த்தாங்கன்னு பேரும் ரிப்போர்ட்டுல வரோணும். மொதலாளிகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு."

"போட்டறலாம்க்கா." நான் கீபோர்டை இழுத்தேன். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுத்துட்டா..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன நம்பருங்க?"

"ஒண்ணுக்கா."

"நாளைக்கு எனக்கு மேல ஒருத்தரைக் கொண்டாந்து போட்டாங்கன்னா?"

"அப்பவும் நீங்க ஒண்ணுதான்."

"நான் வேலையில இருந்து நின்னுட்டேன்னா?"

"அப்பவும் அந்த நம்பரை யாருக்கும் குடுக்க மாட்டேன். நீங்க பார்த்த லாட்டெல்லாம் உங்க பேருலயேதான் இருக்கும்."

சகாயராணி நாற்காலியை ஸ்க்ரீன் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வாயால சொன்னாப் பத்தாதுங். எழுதுங்க, நான் பார்க்கறேன்."

நான் அவர் பெயரை அடித்தேன். பக்கத்தில், தானாக வரட்டும் என்று விடாமல், ஒன்று என்று நானே அடித்தேன். அடுத்து பாப்பாத்தி, இரண்டு. இருபத்தொன்றாவது பெயர் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் பனியனைப் பார்க்கிற மாதிரியே, விளிம்பிலிருந்து விளிம்பு வரை பார்த்தார்.